அடிபட்டுத் திருத்திய கார் வாங்கலாமா? மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களுக்கான கேள்வி பதில்

இலங்கைக்கான வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு வழி மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் பழைய கார்களின் விலை ஏறிக்கொண்டே போனதால், பாகங்களுக்காகக் கழற்றப்பட வேண்டிய கார்கள்கூடத் திருத்தப்பட்டு வீதிக்கு வந்தன. அவை இன்னமும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அப்படியொன்றை வாங்க நினைப்பவர்கள் வழமையாகக் கேட்கும் கேள்விகள் இவை.

அடிபட்டது என்று தெரிந்ததும் விட்டுவிட வேண்டுமா?

வேண்டியதில்லை. பத்து வருடம் ஓடிய ஒரு காரில் எந்தப் பாகத்திலும் புதுப் பெயின்ட் படாமல் இருப்பது அரிது. பம்பர், மட்காட், பொனட், கதவு, டிக்கி மூடி, லைட் எல்லாம் போல்ட்டில் பூட்டியவை. கழற்றி வேறு போட்டால் காரின் பலத்துக்கு ஒன்றும் ஆகாது. அடி எதுவரை போனது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

மூன்று நிலைமைகளில் விலை எவ்வளவு இறங்கினாலும் வாங்காதீர்கள்: உடற்கூடு வளைந்திருந்தால் அல்லது வெட்டி வெல்டிங்கில் ஒட்டப்பட்டிருந்தால், எயார்பேக் வெடித்து, அது முறையாக மாற்றப்படாமல் இருந்தால், சீட் மட்டத்துக்கு மேல் வெள்ளம் ஏறியிருந்தால். மற்றவை பெரும்பாலும் பேசித் தீர்க்கக்கூடியவை.

போல்ட்டில் பூட்டிய பாகம் எது, ஒட்டிய பாகம் எது?

ஹைலக்ஸ் போன்ற டபிள் கெப்களுக்குக் கீழே தனிச் செசி, அதாவது அடிச்சட்டம், உண்டு. ஆல்டோ, வெகன் ஆர், விட்ஸ், அக்சியோ, அக்குவா, வெசல் போன்றவற்றுக்கு அப்படி ஒன்று இல்லை. அழுத்தி வளைத்த தகடுகளை ஆயிரக்கணக்கான புள்ளி ஒட்டுகளால் சேர்த்துச் செய்த ஒரே கூடுதான் முழுக் காரும். நம் ஊர்க் கராஜில் ‘செசி அடி’ என்று சொல்வது இந்தக் கூட்டின் முக்கிய எலும்புகளில் பட்ட அடியைத்தான்.

அந்த எலும்புகள்: பொனட்டைத் திறந்தால் எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் முன்னோக்கி நீளும் பெட்டி வடிவத் தண்டுகள், அவற்றுக்கு மேலே, முன் ஸ்பிரிங் கம்பத்தின் தலை உட்காரும் தகட்டுக் கோபுரங்கள், எஞ்சினுக்கும் உங்கள் காலுக்கும் இடையிலுள்ள பின்சுவர், முன்கண்ணாடியின் இரு ஓரத் தூண்கள், முன், பின் கதவுகளுக்கு இடையிலுள்ள நடுத்தூண், கதவுக்குக் கீழே ஓடும் படி, டிக்கியின் தரைத் தகடு. ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம் சில கார்களில் போல்ட், சிலவற்றில் ஒட்டு. அது மட்டும் மாற்றப்பட்டிருந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் அதற்குப் பின்னாலுள்ள இரண்டு தண்டுகளையும் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

மோதும்போது மடிந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்படிதான் அந்தத் தண்டுகள் செய்யப்பட்டிருக்கின்றன. ஒருமுறை மடிந்த தகட்டை இழுத்து நேராக்கினாலும் பழைய இரும்பு திரும்ப வராது. அடுத்த மோதலில் அது வேறு இடத்தில், வேறு வேகத்தில் மடியும். எயார்பேக் எப்போது வெடிக்க வேண்டும் என்ற கணக்கும் அதோடு பிழைத்துப்போகும். நடுத்தூண், படி போன்றவற்றில் பல கார்களுக்கு உயர்பலத் தகடு போட்டிருப்பார்கள். காஸ் விளக்கால் சிவக்கக் காய்ச்சித் தட்டினால் அந்தத் தகடு சாதாரணத் தகடாகிவிடும். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே பலம் போயிருக்கும்.

‘சின்னத் தட்டு, பம்பர் மட்டும்தான்’ என்கிறார்கள். நானே எப்படிப் பார்ப்பது?

பகலில், வெயில் இருக்கும்போது, கார் காய்ந்திருக்கும்போது பாருங்கள். மழையில் நனைந்த காரிலும் அந்தியில் கடை விளக்கின் கீழும் பெயின்ட் வித்தியாசம் தெரியாது. காலை ஒன்பது மணிக்கு முன் அல்லது பின்னேரம் நான்கு மணி வெயில் நல்லது. வெளிச்சம் சாய்ந்து விழும்போது தகட்டின் அலை தெரியும்.

முதலில் காரின் மூலையில் குந்தியிருந்து பக்கவாட்டை நீளமாகப் பாருங்கள். மதில், மின்கம்பம் எதன் பிம்பமாவது தகட்டில் தெரியும். நேர்க்கோடு ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். அடுத்து இடைவெளிகள். பொனட்டுக்கும் மட்காட்டுக்கும், கதவுக்கும் கதவுக்கும் இடையிலுள்ள இடைவெளி இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் சுண்டுவிரல் நுனி போகிறது, மறுபக்கம் நகம்கூடப் போகவில்லை என்றால் காரணம் கேளுங்கள்.

பிறகு பொனட்டைத் திறந்து போல்ட் தலைகளைப் பாருங்கள். தொழிற்சாலையில் பொனட் பிணைச்சல், மட்காட், கதவுப் பிணைச்சல் எல்லாம் பூட்டிய பிறகுதான் பெயின்ட் அடிப்பார்கள். ஆகவே போல்ட் தலையும் காரின் நிறத்திலேயே, முனை உடையாமல் இருக்கும். ஸ்பெனர் பட்டுப் பெயின்ட் உரிந்த போல்ட் என்றால் அந்தப் பாகம் கழற்றப்பட்டிருக்கிறது. கழற்றியது குற்றமில்லை. எந்தெந்தப் பாகம் கழற்றப்பட்டது என்று சேர்த்துப் பார்த்தால் அடி எந்தப் பக்கம் விழுந்து எதுவரை போனது என்பது தெரிந்துவிடும்.

கதவு ஓர ரப்பரை இழுத்துக் கழற்றிப் பாருங்கள். கையாலேயே வரும், திரும்ப அழுத்தினால் உட்காரும். அதன் அடியில் தொழிற்சாலைப் புள்ளி ஒட்டுகள் இருக்கும். ஐந்தாறு மில்லிமீற்றர் அகலத்தில், சமதூரத்தில், ஒரே ஆழத்தில் அமுங்கிய வட்டங்கள் அவை. அந்த வரிசை ஓரிடத்தில் அறுந்து, மேடும் அரைத்த தடமும் தெரிந்தால் அங்கே தகடு மாற்றப்பட்டிருக்கிறது. தகடுகள் சேருமிடத்தில் போடும் சீலரும் அப்படித்தான். இயந்திரம் போட்டது ஒரே அகலமாக ஓடும். கையால் போட்டது தடித்தும் மெலிந்தும் கிடக்கும். இடப்பக்கத்தை வலப்பக்கத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே போங்கள். இரண்டு பக்கமும் ஒரேநேரத்தில் ஒரேமாதிரி அடிபடுவதில்லை என்பதால் இதைவிட நம்பகமான அளவுகோல் வேறில்லை.

டிக்கிக் கம்பளத்தைத் தூக்கி ஸ்பெயார் சில்லையும் வெளியே எடுங்கள். பின்னால் அடிபட்ட காரில் அந்தக் குழியின் தகடு சுருங்கியிருக்கும், அல்லது புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கும். தொழிற்சாலை அந்தக் குழிக்குள் பெரும்பாலும் பளபளப்புப் பூச்சு அடிப்பதில்லை.

காந்தமும் பெயின்ட் மீட்டரும் உதவுமா?

உதவும். தொழிற்சாலைப் பெயின்ட்டின் தடிப்பு பெரும்பாலும் 80 முதல் 160 மைக்ரோன் வரை. 200 முதல் 300 என்றால் மேலே இன்னொரு முறை அடித்திருக்கிறார்கள், கீறலுக்காகவும் இருக்கலாம். 400ஐத் தாண்டினால் அடியில் பட்டி. 1000 என்றால் ஒரு மில்லிமீற்றர். அங்கே பள்ளத்தைத் தட்டி எடுக்காமல் பட்டியால் நிரப்பியிருக்கிறார்கள்.

முதலில் கூரையின் நடுவில் அளந்து அதை அடிப்படையாக வையுங்கள், அங்கே அடிபடுவது குறைவு. பிறகு ஒவ்வொரு பாகத்திலும் ஐந்து இடம். முன்கண்ணாடித் தூண், கதவைத் திறந்தால் தெரியும் நடுத்தூண், படி ஆகியவற்றைக் கட்டாயம் அளக்க வேண்டும். கதவில் 350 வந்தால் விலையைப் பேசலாம். தூணில் 350 வந்தால் வீட்டுக்குத் திரும்பலாம்.

மீட்டர் கிடைக்காவிட்டால் மெல்லிய காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். தடித்த பட்டியில் பிடிக்காது. பிளாஸ்டிக் பம்பரிலும் பிடிக்காது, பிரியஸின் அலுமினியப் பொனட்டிலும் பிடிக்காது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

கூடு வளைந்திருக்கிறதா என்று எப்படி உறுதிப்படுத்துவது?

அளவு நாடாவே பாதி வேலையைச் செய்யும். சமதரையில் ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன்சில்லின் நடுவிலிருந்து பின்சில்லின் நடுவரை இரு பக்கமும் அளங்கள். ஐந்து மில்லிமீற்றர் வித்தியாசம் நாடா பிடித்த கையாலும் வரும். பத்துக்கு மேல் என்றால், சில்லுகளின் கோணத்தை அளக்கும் அலைன்மென்ட் இயந்திரத்தில் ஏற்றாமல் முடிவெடுக்காதீர்கள். எஞ்சின் அறையிலும் ஒரு குறுக்களவு எடுக்கலாம்: இடப்பக்க ஸ்பிரிங் கோபுரத்தின் போல்ட்டிலிருந்து வலப்பக்க முன்தண்டின் நுனியிலுள்ள துளை வரை, பிறகு எதிர்ப்பக்கமாக. இரண்டும் ஒத்துவர வேண்டும்.

அலைன்மென்ட் செய்யுமிடத்தில் ‘முதல் அளவைத் தாருங்கள், திருத்த வேண்டாம்’ என்று கேளுங்கள். திருத்திய பிறகு வரும் தாளில் எல்லாம் பச்சையாக இருக்கும், அதனால் உங்களுக்குப் பயனில்லை. முன்சில்லுகள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவான டோவை எந்தக் காரிலும் திருகிச் சரிசெய்யலாம். சில்லின் பக்கச் சாய்வான கெம்பரும், சில்லு திரும்பும் அச்சின் முன்பின் சாய்வான கெஸ்டரும் அப்படியல்ல. பெரும்பாலான சிறிய கார்களில் அவற்றைத் திருகுவதற்கு வழியே வைக்கப்படவில்லை. இடம், வலம் இரண்டுக்கும் இடையே அரைப்பாகைக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏதோ வளைந்திருக்கலாம். சில்லைத் தாங்கும் கை, ஸ்பிரிங் கம்பம் போன்ற கழற்றும் பாகம் வளைந்திருந்தால் மாற்றிவிடலாம். பாகத்தை மாற்றியும் அளவு மாறவில்லையென்றால் கூடுதான் வளைந்திருக்கிறது.

ஓட்டிப் பார்க்க எங்கே போவது?

கல்லடியிலிருந்து களுவாஞ்சிக்குடி வரையோ, கல்முனை நகருக்குள்ளோ ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தொடர்ந்து பத்து நிமிடம் அறுபது, எழுபதில் போகக்கூடிய வீதி வேண்டும். மட்டக்களப்புப் பக்கமென்றால் வாழைச்சேனையைத் தாண்டிப் புணானைப் பக்கம் போகலாம். அம்பாறைப் பக்கமென்றால் அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் போகும் வீதியில் ஆளில்லாத இடம் உண்டு.

மழைநீர் வடிவதற்காக வீதி ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். அதனால் கையை லேசாக விட்டால் கார் இடப்பக்கம் மெதுவாக நகர்வது இயல்பு. வலப்பக்கம் இழுத்தால் இயல்பில்லை. போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை பாருங்கள். கார் நேராக ஓடும்போது ஸ்டியரிங் கோணலாக நின்றால், பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் பாய்ந்தால், ஒரே டயரின் உள்ளோரம் மட்டும் தேய்ந்திருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். வேறொருவரை ஓட்டவிட்டு நீங்கள் பின்னால் வாருங்கள். பின்சில்லுகள் முன்சில்லுகளின் தடத்தில் போகாமல் ஒரு பக்கம் விலகி வந்தால், அதாவது கார் சாய்வாக நடந்தால், அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

இங்கே மாடு மோதிய கார்கள் அதிகம். அவற்றில் எதைப் பார்க்க வேண்டும்?

இரவில் வீதியிலேயே படுத்துக்கிடக்கும் மாடுகள் நம் இரு மாவட்டங்களிலும் பெரிய ஆபத்து. படுத்திருந்த மாட்டில் மோதினால் பம்பர், ரேடியேட்டர், ஏசி கண்டென்சர், அடித்தட்டு, ஓயில் சம்ப் என்று கீழ்ப்பக்கம் உடையும். நின்ற மாட்டில் மோதினால் கதை வேறு. பம்பர் காலைத்தான் தட்டும். உடல் பொனட்டின் மேல் சரிந்து வந்து முன்கண்ணாடியிலும் கூரையின் முன்னோரத்திலும் விழும். இப்படிப்பட்ட காரில் முன்தண்டுகள் சுத்தமாக இருக்கும், பொனட்டும் கண்ணாடியும் புதிதாக இருக்கும். ‘செசியில் அடியில்லை’ என்று விற்பவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். ஆனால் கண்ணாடித் தூண்கள் வளைந்திருக்கலாம்.

கண்ணாடி மட்டும் மாறியிருந்தால் கல் தெறித்ததாக இருக்கலாம். கண்ணாடியும் பொனட்டும் ஒன்றாக மாறியிருந்தால் தூணின் பெயின்ட்டை அளந்து, கூரை உட்துணியின் முன்னோரத்தைத் தடவிப் பாருங்கள். முன்கதவின் மேல்மூலை தூணோடு ஒட்டி உட்காருகிறதா என்றும் பார்க்க வேண்டும். எழுபதில் போகும்போது அந்த மூலையில் காற்று விசிலடித்தால் தூண் அசைந்திருக்கிறது.

எயார்பேக் வெடித்ததா என்று எப்படி அறிவது?

சாவியை ஓன் நிலையில் வையுங்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். எயார்பேக் விளக்கு எரிந்து சில விநாடிகளில், பெரும்பாலும் ஆறு விநாடிக்குள், அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் விளக்கைக் கழற்றியிருக்கிறார்கள். அணையாவிட்டால் கோளாறு. ஓயில் விளக்கோடு சேர்ந்து, எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் கணத்தில்தான் அணைகிறது என்றால் அதன் வயரை ஓயில் விளக்கோடு இணைத்திருக்கிறார்கள்.

விளக்குச் சோதனையில் தேறினாலும் போதாது. வெடித்த எயார்பேக்கின் இடத்தில் இரண்டு மூன்று ஓம் தடையொன்றைச் செருகினால் கணினி ஏமாந்துவிடும். மூடியின் கீழே பை இருக்காது. ஆகவே ஸ்டியரிங் நடுமூடியின் நிறமும் சொரசொரப்பும் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கோடு ஒத்துப்போகிறதா, டாஷ்போர்டில் பயணி பக்கம் வெட்டி ஒட்டிய கோடு உண்டா என்று தடவிப் பாருங்கள். சீட் பெல்ட்டை முழுவதும் இழுங்கள். மோதலின்போது பெல்ட்டை இறுக்கும் வெடிமருந்துக் கருவி பல கார்களில் உண்டு. அது வெடித்திருந்தால் பெல்ட் சிக்கிக்கொள்ளும் அல்லது தளர்ந்து தொங்கும். பெல்ட்டின் அடியிலுள்ள துணுக்கில் தயாரித்த காலம் இருக்கும். காரை விட அது மிகப் புதிதாக இருந்தால் காரணம் வேண்டும்.

கடைசியாக, எயார்பேக் கணினியை வாசிக்கக்கூடிய ஸ்கேனர் உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். எஞ்சின் கோளாறை மட்டும் வாசிக்கும் மலிவுக் கருவி இதற்குப் போதாது. பிள்ளைகளை ஏற்றிப்போகும் காரில் இந்த ஒரு சோதனையைத் தவறவிடாதீர்கள்.

வெள்ளத்தில் நின்ற காரை எப்படிக் கண்டுபிடிப்பது?

நம் பகுதியில் மோதலைவிட வெள்ளத்தைத்தான் அதிகம் அஞ்ச வேண்டும். மோதிய அடி ஓரிடத்தில் நிற்கும். தண்ணீர் எல்லா இடத்துக்கும் போகும், அதன் சேதம் ஆறு மாதம் கழித்துத்தான் வெளியே வரும். 2011 ஜனவரியிலும் 2024 நவம்பர் இறுதியிலும் மட்டக்களப்பு, அம்பாறை இரண்டும் மூழ்கின. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் நாட்டின் பல மாவட்டங்கள் வெள்ளத்தில் கிடந்தன. ஆகவே கார் கொழும்பிலிருந்தோ கம்பஹாவிலிருந்தோ வந்தது என்பது ஆறுதலான செய்தி அல்ல. அந்த நாட்களில் கார் எங்கே நின்றது என்று நேராகக் கேளுங்கள்.

சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து அடிமுனை வரை பாருங்கள். தண்ணீர் நின்ற மட்டத்தில் சேற்றுக்கோடு தெரியும். சீட் துணியை மாற்றுவார்கள், பெல்ட்டை மாற்றுவது அரிது. முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளித் தண்டவாள போல்ட்களைப் பாருங்கள். துருவும் சேறும் அங்கே தங்கும். கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கி அடியிலுள்ள பஞ்சை அமத்திப் பாருங்கள். வெயிலில் காய்ந்த கம்பளத்தின் கீழும் பஞ்சு வாரக்கணக்கில் ஈரம் வைத்திருக்கும். கதவை மூடிக் கண்ணாடிகளை ஏற்றி, கால்மணி நேரம் வெயிலில் விட்டுத் திறந்து மணந்து பாருங்கள். வாசனைப் புட்டி இரண்டு மூன்று தொங்கினால் சந்தேகப்படுங்கள்.

பிறகு மின்வயர்கள். டாஷ்போர்டின் கீழுள்ள பியூஸ் பெட்டியைத் திறந்து, ஒன்றிரண்டு இணைப்பிகளைக் கழற்றிப் பாருங்கள். செப்பு முனையில் பச்சைப் பூப்பு இருந்தால் அங்கே தண்ணீர் போயிருக்கிறது. மட்டக்களப்பு வாவியை ஒட்டிய இடங்களில் ஏறும் தண்ணீரில் உப்பும் கலந்திருக்கும். நன்னீர் செய்வதைவிட வேகமாக அது முனைகளைத் தின்றுவிடும்.

எவ்வளவு உயரம் ஏறியது என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும். படிக்குக் கீழே மட்டும் என்றால் சில்லு பேரிங், பிரேக், கியர் ஓயில் பார்த்து மாற்றி ஓட்டலாம். தரைக்கு மேலே ஏறியிருந்தால் எயார்பேக் கணினியே நனைந்திருக்கும். பல கார்களில் அது இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே தரையில்தான் பூட்டப்பட்டிருக்கிறது. சீட்டுக்கு மேல் என்றால் விட்டுவிடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் தண்ணீரை உறிஞ்சியிருந்தால் இன்னொரு சிக்கல். தண்ணீரை அமுக்க முடியாததால் பிஸ்டன் தண்டு வளையும். எஞ்சின் அப்போதும் ஓடும், ஆனால் அந்தச் சிலிண்டரின் கம்பிரஷன் (உள்ளே காற்று அமுங்கும் அழுத்தம்) குறையும். அளக்கச் சொல்லுங்கள். பெற்றோல் எஞ்சினில் 10 முதல் 13 பார் வரை வரும், சிலிண்டர்களுக்கிடையே ஒரு பாருக்கு மேல் வித்தியாசம் கூடாது. ஓயில் மூடியின் உட்புறமும் கியர் ஓயில் அளவுக்கோலும் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

ஹைபிரிட் காரென்றால்?

பற்றரி எங்கே இருக்கிறதென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அக்குவாவில் பின்சீட்டின் கீழே. மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் பின்சீட்டுக்குப் பின்னால். வெசலில் டிக்கித் தரையின் கீழே. வெகன் ஆரின் சிறிய லித்தியம் பற்றரி இடப்பக்க முன்சீட்டின் கீழே இருக்கிறது. முழங்கால் அளவு வெள்ளம் அதற்குப் போதும். பின்னால் அடிபட்ட பிரியஸ், வெசல் என்றால் பற்றரி தாங்கியும் உயர் மின்னழுத்தம் ஓடும் செம்மஞ்சள் வயர்களும் நசுங்கவில்லை என்று மெக்கானிக் சொல்லும்வரை பணம் கொடுக்காதீர்கள்.

ஸ்கேன் செய்யும்போது பி0ஏஏ6 (P0AA6) என்ற குறியீடு வந்தால், உயர் மின்னழுத்தப் பகுதியிலிருந்து மின்சாரம் உடலுக்குக் கசிகிறது என்று பொருள். அழித்துவிட்டு ‘போய்விட்டது’ என்பார்கள். அழித்த பிறகு அரைமணி நேரம் ஓட்டி மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். செம்மஞ்சள் வயர்களை நீங்களோ ஊர் வயரிங்காரரோ தொட வேண்டாம். முதல் தலைமுறை அக்குவாவின் பற்றரி 144 வோல்ட், பிரியஸின் பற்றரி சுமார் 200. உயிரைப் பறிக்கப் போதுமான அழுத்தம் அது.

ஜப்பான் ஏலத் தாளைக் காட்டுகிறார்கள். நம்பலாமா?

ஜப்பானில் காரை ஏலம் விடும்போது அதன் நிலையை எழுதிவைக்கும் தாள் அது. அடிச்சட்ட (செசி) இலக்கத்தைக் கொடுத்து நீங்களே சரிபார்த்த தாளை நம்பலாம். விற்பவர் கையால் தரும் பிரதியைத் தனியாக நம்ப வேண்டாம், அதைத் திருத்துவது எளிது. தரத்தில் 4, 4.5, 5 என்றால் நல்ல நிலை. ஆர் என்றால் கூட்டில் அடிபட்டுத் திருத்தியது, ஆர்ஏ என்றால் அது சிறிய அளவில். படத்தில் ஏ கீறல், யூ பள்ளம், டபிள்யூ திருத்திய அலை, எக்ஸ்எக்ஸ் மாற்றிய பாகம். ஆர்ஏ தரத்துக் காரைச் சரியான விலைக்கு வாங்குவதில் தவறில்லை.

அந்தத் தாள் கப்பலேறும் நாள் வரைக்கும்தான். இலங்கையில் எட்டு வருடம் ஓடிய காருக்கு 4.5 என்ற தாள் எதையும் உறுதிப்படுத்தாது.

‘ஹாஃப் கட்’ வைத்துத் திருத்திய கார் என்றால் என்ன?

முன்பாதி நொறுங்கிய காருக்கு, வெளிநாட்டிலிருந்து அறுத்து வந்த இன்னொரு காரின் முன்பாதியைச் சேர்ப்பது. பொனட், எஞ்சின், லைட் போன்றவற்றைக் கழற்றிப் பூட்டினால் பிரச்சினை இல்லை. கூட்டையே அறுத்துப் பொருத்தினால் அது இரண்டு காரை ஒட்டிய கார். ஒட்டு பெரும்பாலும் கண்ணாடித் தூணின் அடியிலும் படியின் நடுவிலும் தரைத் தகட்டின் குறுக்கேயும் இருக்கும். கம்பளத்தைத் தூக்கித் தரையில் குறுக்குக்கோடு தேடுங்கள். காரின் அடியில் ஒரு பகுதியில் மட்டும் புதிதாகக் கறுப்புப் பூச்சு அப்பியிருந்தால் அதைச் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். அடிச்சட்ட இலக்கம் பொறித்த தகட்டைச் சுற்றி அரைத்த தடமோ ஒட்டோ இருந்தால் அந்தக் காரை விட்டு விலகுங்கள். அது திருத்த வேலைப் பிரச்சினையாக இல்லாமல் பொலிஸ் பிரச்சினையாகிவிடும்.

பத்திரங்களில் அடிபட்ட விவரம் இருக்குமா?

வாகனப் பதிவுச் சான்றிதழான சீ.ஆர். புத்தகத்தில் இருக்காது. அதில் பார்க்க வேண்டியவை வேறு: அடிச்சட்ட இலக்கம், எஞ்சின் இலக்கம், நிறம் மூன்றும் காரோடு பொருந்துகின்றனவா, லீசிங் நிறுவனத்தின் பெயர் இன்னும் பதிவில் இருக்கிறதா என்பன. காப்புறுதிக் கோரிக்கைகளின் வரலாற்றை உரிமையாளர் தன் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கலாம். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்த வருடங்களில் நடந்த அடி அதில் வராது. லீசிங்குக்காக எடுக்கும் மதிப்பீட்டு அறிக்கையைப் பரிசோதனை அறிக்கை என்று எண்ணாதீர்கள். சந்தை விலையைச் சொல்லும் தாள் அது; ரப்பரைக் கழற்றிப் பார்த்து எழுதியது இல்லை.

ஓப்பன் பேப்பரில், அதாவது வாங்குபவர் பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட மாற்றப் பத்திரத்தில், வாங்காதீர்கள். திருத்திய காரில் முன் உரிமையாளர் யாரென்று தெரியாவிட்டால் கேட்பதற்கு ஆளே இல்லை.

முழுக் காப்புறுதி கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்கும். நிறுவனம் காரைப் பார்த்துப் படமெடுக்கும். உங்களுக்குத் தெரிந்த பெரிய திருத்த வேலையை மறைக்க வேண்டாம். பிறகு தெரியவந்தால் கோரிக்கையை மறுக்க அது காரணமாகலாம். பணம் கொடுப்பதற்கு முன்பே முகவரிடம் காரைக் காட்டிக் கேளுங்கள்.

விலையில் எவ்வளவு குறைக்க வேண்டும்?

எங்கள் கணிப்பில், போல்ட் பாகங்கள் மட்டும் மாறிப் பெயின்ட் நன்றாக இருந்தால் அதே வருடத்து நல்ல காரைவிட ஐந்து முதல் பத்து வீதம் குறைய வேண்டும். ரேடியேட்டர் சட்டம், மட்காட் உட்தகடு வரை அடி போய், அளவுகள் சரியாக இருந்தால் பதினைந்து முதல் இருபது வீதம். நாற்பது இலட்சக் காரில் அது ஆறு முதல் எட்டு இலட்சம். இதைவிடக் குறைவான தள்ளுபடிக்கு வாங்கினால் நட்டம் நீங்கள் விற்கும்போது வரும். அன்றைக்கு வாங்க வருபவரும் இதே போல்ட்களைத்தான் பார்ப்பார். மீதியிருக்கும் வேலைகளின் செலவைத் தனியாகக் கேட்டு அதையும் கழியுங்கள்.

வாங்கும்போது எழுத்தில் என்ன பெற வேண்டும்?

விற்பனை உடன்படிக்கையில் நான்கு வரி சேருங்கள்: எந்தெந்தப் பாகம் எப்போது மாற்றப்பட்டது, உடற்கூடு வெட்டி ஒட்டப்படவில்லை, எயார்பேக் வெடிக்கவில்லை, அல்லது வெடித்து மாற்றப்பட்டது, கார் வெள்ளத்தில் நிற்கவில்லை. விற்பவர் கையொப்பத்தோடு அடையாள அட்டை இலக்கமும் இரண்டு சாட்சிகளும் இருக்கட்டும். தெரிந்த தம்பி, மாமாவின் கூட்டாளி என்பதற்காக இதை விட்டுவிடாதீர்கள். உறவு கெடாமல் இருப்பதற்கும் அதுதான் வழி. கையெழுத்துப் போடத் தயங்குபவரிடம் எந்த வரி அவருக்குச் சிக்கல் என்று கேளுங்கள். அட்வான்ஸ் கொடுத்தால், பரிசோதனையில் மறைத்த அடி தெரிந்தால் முழுப்பணமும் திரும்பும் என்று பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

திருத்திய படங்கள் இருக்கிறதா என்றும் கேளுங்கள். காப்புறுதியில் திருத்திய காருக்கு நொறுங்கிய நிலையிலும் வேலை நடக்கும்போதும் எடுத்த படங்கள் பெரும்பாலும் உரிமையாளரின் கைபேசியில் இருக்கும். தானாக எடுத்துக் காட்டுபவரிடம் வாங்குவது நல்லது.

ஏற்கெனவே வாங்கிவிட்டோம். இனி என்ன செய்யலாம்?

கடற்கரை ஊர்களான காத்தான்குடி, கல்முனை, நிந்தவூர், பொத்துவில் போன்ற இடங்களில் ஒட்டிய இடம்தான் முதலில் துருப்பிடிக்கும். தொழிற்சாலை முழுக் கூட்டையும் துருத்தடுப்புக் கரைசலில் தோய்த்தெடுக்கிறது. கராஜ் வெளிப்பக்கம் மட்டும் பெயின்ட் அடிக்கிறது, ஒட்டின் உட்பக்கம் வெறும் இரும்பாக நிற்கிறது. பட்டியும் ஈரத்தை உறிஞ்சும்; பெயின்ட்டில் சிறு கொப்புளம் கண்டால் கீழே துரு தொடங்கிவிட்டது. மாரி தொடங்குமுன், ஒக்டோபருக்குள், திருத்திய தண்டு, படி, கதவு இவற்றின் உட்குழிக்குள் மெழுகுத் துருத்தடுப்பை நீண்ட குழாயால் அடிக்கச் சொல்லுங்கள். கதவின் அடியிலும் படியின் அடியிலும் உள்ள நீர்வடி துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து வையுங்கள். பெயின்ட் அடிக்கும்போது அவை அடைபட்டிருக்கும். கடற்கரையோரம் ஓடிய காரின் அடிப்பக்கத்தை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை டயர் தேய்மானத்தைப் பார்த்து, மாறியிருந்தால் அலைன்மென்ட் தாளை முந்தையதோடு ஒப்பிடுங்கள்.